பூவாடைக்காரியின் பெயர்

1

அன்றைக்கு என் மனைவிக்கு மூன்றாவது திதி. அயர்லாந்தில் இந்தச் சின்ன ஊரில் திதி கொடுக்க ஐயருக்கு எங்கே போவது? செல்போனில் பஞ்சாங்கம் இருக்கிறது, அது போதும் என்று நானே சமைத்தேன். மகன் அருள் டப்ளினில் இருக்கிறான். அவன் கணக்கில் அம்மா இறந்தது இங்கிலீஷ் தேதிதான், அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், "அப்பா, அதான் அடுத்த வாரம் வரேனே" என்பான். வருவான்தான், பூங்கொத்து வாங்கிக்கொண்டு.

சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் ஒழுங்காக வந்தன. வடை மட்டும் எண்ணெயில் உதிர்ந்து பூந்தி மாதிரி ஆகிவிட்டது. ஒரு தட்டில் வைத்துக் கொல்லைச் சுவர்மேல் கொண்டுபோய் வைத்தேன். இங்கே காக்கா நிறைய உண்டு, கூப்பிட்டால்தான் வராது. வந்தது ஒரு கடல்புறா. ஒரே வாயில் பாதிச் சோற்றை அள்ளிக்கொண்டு தட்டையும் கீழே தள்ளிவிட்டுப் போனது. சரிதான், பித்ருக்களுக்கும் இந்த ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு மின்னஞ்சல். வம்சாவளி தேடித் தருகிற இணையதளத்திலிருந்து.

"மகிழ்ச்சியான செய்தி! உங்கள் முன்னோர் பூவாடைக்காரி மேலும் நான்கு குடும்பங்களின் வம்சாவளியில் காணப்படுகிறார். இவர்கள் ஒரே நபரா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பூவோடும் பொட்டோடும் இறந்துபோன பெண்தான் பூவாடைக்காரி. வீட்டுத் தெய்வம். கல்யாணம் காட்சி என்றால் முதல் பத்திரிகைக்கு முன்னால் அவளுக்குத்தான் அழைப்பு, புதுச்சேலை, படையல் எல்லாம். எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு பூவாடைக்காரி உண்டு. அது பேர் இல்லை ஐயா, பதவி!

நடந்தது இதுதான். அருளுக்கு ஒரு ஐரிஷ் பெண்ணோடு நிச்சயம் ஆனது. பெண் பெயர் ஈஃபா. அவள் வீட்டில் வம்சாவளிப் பைத்தியம் கொஞ்சம் அதிகம், அது இவனுக்கும் தொற்றிக்கொண்டது. அரியலூரில் இருக்கும் என் தம்பி ராமுவைப் போனில் பிடித்து, "நம்ம குடும்பத்துலயே ரொம்ப மூத்த பொம்பள யாரு சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறான். ராமு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். எந்நேரமும் லாரி இரைச்சலில் கத்திப் பேசித்தான் பழக்கம். "வேற யாரு, பூவாடைக்காரிதான்!" என்று கத்தியிருக்கிறான். என் மகன் அதை அப்படியே எழுதி, என் கொள்ளுத்தாத்தா வைத்திலிங்கத்துக்குக் கட்டியும் வைத்துவிட்டான். பெயர், பூவாடைக்காரி. பிறப்பு, தெரியவில்லை. தொழில், இல்லத்தரசி.

இவனைப் போல இன்னும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் நான்கு தேசங்களில் உட்கார்ந்து இதையே எழுதியிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏ இந்தா, இங்க வந்து பாரேன் இந்தக் கூத்த" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. குளிர்சாதனப் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அழுகையாக வந்தது எனக்கு. 

நான்கு பேருக்கும் 'இல்லை' என்று அழுத்தினேன். அதில் ஒருத்தி தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள். ஆண்டிமடத்துப் பெண், இப்போது இருப்பது டொரொண்டோவில். "ஐயா வணக்கம். எங்க வூட்லயும் பூவாடைக்காரின்னுதான் சொல்றாங்க. நெசப் பேரு யாருக்கும் தெரியல. உங்க வூட்டம்மா பேரு தெரிஞ்சா சொல்லுங்களேன்" என்று எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? பதில் போடவில்லை.

2

அடுத்த ஞாயிறு ஈஃபாவின் அம்மா நோரா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நல்ல மனுஷி, உருளைக்கிழங்கை மூன்று விதமாகச் செய்து போடுவாள். அவள் வீட்டுக் கூடத்தில் சுவர் நீளத்துக்கு வம்சாவளிப் படம் மாட்டியிருக்கிறது. சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கவே அவர்களுக்கு வேலை சுலபம். ஏழெட்டுத் தலைமுறைப் பெண்களுக்குப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர், எந்தக் கல்லறை என்பது வரை கறுப்பு மையில் இருக்கிறது.

"உங்கள் பக்கத்துப் பெண்களைச் சொல்லுங்களேன், அருள் பெரிய இடைவெளி விட்டிருக்கிறான்" என்றாள்.

அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூன்று பெயரும் தண்ணீர்பட்ட பாடு. அமாவாசைக்கு அமாவாசை சொல்கிற பெயர்கள். பெண்கள் என்றால்தான் சிக்கல். அம்மா பெயர் தெரியும். அதற்கு மேலே உடையார்பாளையத்தா, அதற்கும் மேலே கீழப்பழுவூரா. மருமகளாக வருகிறவளை அவள் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊர்தான் நிற்கும், பெயர் போய்விடும்.

"அப்படியானால் உங்கள் ஆண்கள் ஊர்களையா கல்யாணம் செய்துகொண்டார்கள்?" என்று நோரா கேட்டாள். அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். அருள் வாய்விட்டுச் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மாவும் செந்துறையாதான்டா, உன் அப்பத்தா கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள் என்று சொல்ல வாய் வந்தது. வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று உருளைக்கிழங்கை விழுங்கினேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அதே நினைப்பு. என் மனைவி சகுந்தலாவை எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யார்? அம்மாவுக்கு அவள் செந்துறையா. ராமுவுக்கு அண்ணி. அவன் மனைவி செல்விக்கு அக்கா. எனக்கு 'இந்தா'. அருளுக்கு அம்மா. அவளைச் சகுந்தலா என்று வாய் நிறையக் கூப்பிட்டது இந்த ஊர் ஆஸ்பத்திரி நர்சுகள்தான், அதுவும் சாக்கூன்டாலா என்று. இங்கே மனைவிக்குக் குடும்பப் பெயர் என்று என் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். மாமனார் பெயரை அவள் வாயால் சொல்வாளா? கௌண்டரில் குடும்பப் பெயர் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள், அடையாள அட்டையைத் தள்ளுவாள். மனநிலை சரியில்லையோ என்று ஒரு நர்ஸ் என்னிடம் தனியாக விசாரித்தாள்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை.

இனிமேல் அவளும் பூவாடைக்காரிதானே? பூவோடும் பொட்டோடும்தான் போனாள். இன்னும் இரண்டு தலைமுறையில் யாரோ ஒரு பையன் கம்ப்யூட்டரில் அவளையும் பெயரில்லாமல் ஏற்றுவான். பஸ் ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. 

தை மாதம் ராமுவின் மகள் கயலுக்குக் கல்யாணம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று மாலையே டிக்கெட் போட்டேன். பழைய பூவாடைக்காரியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் சகுந்தலாவின் பெயரும் தங்கும் என்று எப்படியோ மனசுக்குப் பட்டுவிட்டது. இதில் என்ன லாஜிக் என்று என்னைக் கேட்காதீர்கள்.

3

ரயிலை விட்டு அரியலூரில் இறங்கியதும் தொண்டையில் அந்தப் பழைய தூசி. வெளிநாட்டுக்கு வருமுன் இங்கே ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உள்ளே கடல் சங்கு கல்லாகிக் கிடக்கும். காலேஜ் பிள்ளைகள் வந்து எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதற்கு ஒரு நீளமான பெயரும் எழுதி ஒட்டுவார்கள். மனுஷன் பிறக்குமுன் செத்த நத்தைக்குப் பெயர் இருக்கிறது, என் கொள்ளுத்தாத்தாவைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றவளுக்கு இல்லை. கோபம் வருமா வராதா?

தாலுகா ஆபீசுக்குப் போனேன். பழைய பட்டா, பழைய இறப்புப் பதிவு எதுவானாலும் பார்க்க வேண்டும் என்றேன். அங்கிருந்த தம்பி, "ஆன்லைன்ல போட்டுட்டு வாங்க சார்" என்றான். போட்டுவிட்டு வந்தேன். "இறந்தவங்க பேரு கட்டாயம் போடணும் சார், அந்தக் கட்டம் காலியா இருந்தா உள்ளயே போகாது" என்றான்.

"தம்பி, அந்தப் பேரத் தேடித்தான் வந்திருக்கேன்."

"பேரு தெரியாம எப்படி சார் தேடறது?" அவன் கேட்டது நியாயம்தான். இருந்தாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "அந்தக் காலத்துல வைத்திலிங்கம் சம்சாரம்னுதான் எழுதியிருப்பாங்க சார். பொம்பளைங்க பேரு பட்டாலயும் இருக்காது. சும்மா அலையாதீங்க" என்றான்.

பங்காளி வீடுகள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது. "பூவாடைக்காரிக்குப் பேரா? அவ பேரே பூவாடைக்காரிதானே" என்று ஒருவர். "இத்தன நாளு பேரு தெரியாமயா சேல வாங்கி வச்சோம்? அவளுக்குத் தெரியும் நம்மள" என்று ஒருவர். செந்துறை போகிற பஸ்ஸில் ஏறி ஒரு தூரத்துப் பங்காளியையும் போய்ப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன் தம்பி, அங்க சொத்துப் பிரச்சினை ஏதாச்சுமா?" என்றார். அதோடு தேடலை விட்டேன்.

திரும்பி வந்து ராமுவிடம், "ஒருத்தனுக்கும் தெரியலடா" என்றேன். "அத வுடுண்ணே. நாளைக்கிப் படையல். நீ வந்ததே நல்லதாப் போச்சு, ஒன் கையால ஆவ வேண்டிய வேல ஒண்ணு இருக்கு" என்றான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. தேங்காய் உரிக்கிற வேலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

4

படையல் அன்று காலையில் பம்பைக்காரர் வந்தார். குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனோம். புதுக்குடத்தில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் பூசி, பூச்சுற்றி, பம்பை அடித்துப் பூவாடைக்காரியை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அது வழக்கம். அன்றைக்குப் பெரிய குடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயமும் இருந்தது. அதையும் மஞ்சள் பூசி, பூச்சுற்றி, ராமுவின் மகள் கயல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் இரண்டு இலை. இரண்டு சேலை. ஒன்று எப்போதும் வைக்கிற மஞ்சள் சேலை. இன்னொன்று இலைப்பச்சையில் அரக்கு பார்டர்.

"இது யாருக்கு?" என்றேன்.

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மாமா இப்புடிக் கேக்குறீங்க? அக்காவுக்குத்தான். கடசியா வந்தப்ப இந்தக் கலருதான் கேட்டுச்சு. கட கடையா ஏறி எறங்குனோம், கெடைக்கல. இப்பத்தான் கெடைச்சுது."

 அவள் பச்சை கேட்டது எனக்குத் தெரியாது.

பம்பைக்காரர் சின்னக் கலயத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "அய்யா, மொதப் படையலுக்கு மட்டுந்தான் தனி எல, தனிச் சேல. இப்ப பேரு சொல்லி இந்தத் தண்ணிய பெரிய கொடத்துல ஊத்திடுங்க. மூத்தவங்களோட சேந்துடுவாங்க. அடுத்த கல்யாணத்துலேந்து ஒரே எல, ஒரே சேல."

"பேரு?"

"பேரு இன்னயோட சரிங்க. அதுக்கப்புறம் எல்லாம் பூவாடைக்காரிதான்."

ராமு சொன்ன வேலை இதுதான். மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"ஊத்த மாட்டேன்" என்றேன். பம்பை நின்றுவிட்டது.

"அண்ணே, மொறன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான் ராமு.

"என்னடா மொற? ஊர் பூரா சுத்திட்டு வந்தேன், ஒருத்தனுக்கு அந்தப் பழைய பொம்பள பேரு தெரியல. இவளையும் அதுல கலந்துட்டா நாளைக்கி இவ யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? தனியாவே வைங்க. எப்பயும் ரெண்டு எல போடுங்க, செலவு நான் தரேன்." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. கலயத்தை நெஞ்சோடு பிடித்திருந்தேன். தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்தது. பங்காளிகள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நல்ல காரியத்தில் இப்படி ஒரு கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

செல்விதான் எழுந்து வந்தாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"மாமா, அக்கா தெனமும் எங்கிட்ட போன்ல பேசும், தெரியுமில்ல? போன உப்பு டப்பாவுல சாச்சி வச்சிட்டு, நீங்க வேலைக்குப் போனதுலேந்து வர்ற வரைக்கும். ரசம் வக்கிறப்ப பேசும், துணி மடிக்கிறப்ப பேசும். பேச ஒண்ணுமில்லன்னா சும்மா இருக்கும், ஆனா போன வக்காது. ஒருநாள் சொல்லுச்சு, 'செல்வி, இங்க எல்லாரும் எம் பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. வா, செத்த ஒக்காருன்னு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல'ன்னு."

நான் கலயத்தை நெஞ்சிலிருந்து இறக்கிப் பிடித்தேன்.

"அங்கதான் அம்புட்டு வருஷமும் தனியாக் கெடந்துச்சு. இங்க வந்தும் தனி எலயா மாமா? பேரு இல்லாட்டி என்ன? கூட்டத்தோட இருக்கட்டுமே."

அவர்கள் தினமும் போனில் சீரியல் கதை பேசுகிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன். விக்கி விக்கி அழுதேன். பம்பைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கயல் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சகுந்தலா" என்று சொல்லிப் பார்த்தேன். முப்பத்து சொச்சம் வருஷம் குடும்பம் நடத்தியும் அவளை அப்படி நான் கூப்பிட்டதில்லை, அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். கலயத்தைச் சாய்த்தேன். தண்ணீர் குடத்தில் விழுந்தது. பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அதற்கப்புறம் குடத்தில் எது எந்தத் தண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்?

சாப்பாடு முடிந்து செல்வி அந்தப் பச்சைச் சேலையை மடித்து என் பெட்டியில் வைத்தாள். படைத்த சேலையை வீட்டு மருமகள் கட்ட வேண்டும். "அருளுக்கு வரப்போற பொண்டாட்டிக்குக் குடுங்க. மாமியா சேலன்னு சொல்லுங்க. வெள்ளக்காரிக்குப் பச்ச நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

5

டப்ளின் விமான நிலையத்துக்கு அருள் வந்திருந்தான். வீடு வரை கொண்டுவந்து விட்டான். உள்ளே வரவில்லை, மறுநாள் அவனுக்கு வேலை. சேலையை அவனிடம் கொடுத்தேன். "யாரோடதுப்பா?" என்றான். "அம்மாவோடது" என்றேன். "அம்மாகிட்ட இந்தக் கலர் பாத்ததே இல்லையே" என்றான். நானும் பார்த்ததில்லை என்றேன். சேலையின் மடிப்பைத் தடவிச் சரிசெய்தான். பிறகு காரின் முன்சீட்டில் வைத்து, பிரேக் போட்டால் விழாமல் இருக்க சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டுப் போனான். அதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வீடு ஜில்லென்று இருந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தேன். சமையலறையில் உப்பு டப்பா அதே இடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் என் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது? ஆம்பளை செத்தால் எங்கள் பக்கம் குடமும் இல்லை, சேலையும் இல்லை. மகன் திதி கொடுத்தால் உண்டு. அவனுக்கு நாள்கணக்கே வேறு. அவளுக்காவது ஒரு வழி பிறந்தது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தாலும் தனிமை தனிமைதான், அதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தால், முன்பே 'இல்லை' என்று அழுத்தியிருந்தும் இணையதளம் விடாமல் நினைவூட்டியிருந்தது. "பூவாடைக்காரி. இவர்கள் ஒரே நபரா?" நான்கு பேருக்கும் 'ஆம்' என்று அழுத்தினேன். உடனே, உங்களுக்குப் புதிய உறவினர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று பலூன் எல்லாம் பறக்கவிட்டது.

ஆண்டிமடத்துப் பெண்ணின் செய்தி அப்படியே இருந்தது. உங்க வூட்டம்மா பேரு தெரிஞ்சா சொல்லுங்களேன். தமிழில் தட்டச்சு செய்ய எனக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன்.

"அம்மாடி, பேரு தெரியும். சகுந்தலா. செந்துறைக்காரி. இப்ப உங்க வூட்டம்மா பக்கத்துலதான் எங்கயாச்சும் இருப்பா. செத்த ஒக்காரச் சொல்லி, அவகிட்ட ரெண்டு வார்த்த பேசச் சொல்லும்மா."